ஆறு சென்ட் எண்ணெய்

பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் போன வாரம் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். செல் சவ்வின் அமைப்பையும் பணிகளையும் விவரி. ஐந்து மார்க். மடியில் உயிரியல் புத்தகம். அதில் ஒரு படம்: இரண்டு வால் முளைத்த உருண்டைகள் வரிசையாக மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் அங்கங்கே உருளைக்கிழங்கு மாதிரி புரதம்.

“செல்லைச் சுற்றிச் சுவர் போல அமைந்து...” என்று ஆரம்பித்தாள்.

“சுவர்னு சொல்லாதட்டி” என்றேன்.

“செடிக்குத்தான் செல் சுவர், நமக்குச் சவ்வு, அதெல்லாம் தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ போய்த் தூங்கும்மா.” கண்ணைத் திறக்கவே இல்லை.

போய்ப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. தூத்துக்குடியில் ஒரு ரத்த வங்கியில் 22 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தத்தோடு வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேனே தவிர, யோசித்துப் பார்த்தால் நான் வாங்குகிற சம்பளம் முழுக்க அந்தச் சவ்வுக்குத்தான். குரூப் பார்ப்பது சவ்வின் வெளிப்புறத்தை. கொடுக்கிற ரத்தம் வாங்குகிறவருக்குச் சேருமா என்று கிராஸ் மேட்ச் செய்வதும் அதைத்தான். பையை ஃப்ரிட்ஜில் வைத்துத் தேதி எண்ணுவது சவ்வு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதற்காக. இதை அவளுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் கேட்க மாட்டாள், பரீட்சை முடியும்வரை எனக்கு வாயே கிடையாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அப்போது வேறு ஒரு இடத்தில் இருந்தேன். குரூப் பார்ப்பதற்கு முன்னால் சிவப்பணுக்களை மூன்று தடவை சலைன் என்கிற உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டியூபில் இரண்டு சொட்டு ரத்தம், அதன் மேல் சலைன், சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் சலைன். மேஜையில் ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் நின்றன. ஒன்றில் சலைன், இன்னொன்றில் டிஸ்டில்டு வாட்டர். லேபிள் தண்ணீரில் நனைந்து உரிந்துபோயிருந்தது. நான் எடுத்தது எது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கலங்கலாக இருந்த டியூப் தெளிந்து, ரோஸ் மில்க் மாதிரி இருந்தது நன்னாரி சர்பத் மாதிரி ஆகிவிட்டது. அழகாக இருந்தது. என் கை பட்டு இவ்வளவு சுத்தமாகக் கழுவப்பட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு சீனியர் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா ஒன்றும் பேசாமல் டியூபுக்குப் பின்னால் தினசரிப் பேப்பரை வைத்துப் பிடித்தார்.

“எழுத்து தெரியுதாட்டி?”

“தெரியுதுக்கா.”

“தெரியக் கூடாதுல்லா. ஒரு செல்லு கூட மிச்சமில்லாம எல்லாத்தையும் வெடிக்க வச்சிட்டு வந்திருக்க.”

செல் முழுதாக இருந்தால் அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால் கலங்கல். வெடித்து ஹீமோகுளோபின் தண்ணீரில் கலந்துவிட்டால் வெறும் சாயத் தண்ணீர், பின்னால் இருக்கிற எழுத்தைப் படிக்கலாம். சென்ட்ரிஃபியூஜில் போட்டால் அடியில் சிவப்பாக ஒரு பட்டன் உட்கார வேண்டும். அன்று ஒன்றும் உட்காரவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் கொட்டிப்போன அந்த வெறும் உறைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கோஸ்ட். பேய். நான் ஒரு டியூப் நிறையப் பேய்களைக் கையில் பிடித்துக்கொண்டு பெருமைப்பட்டிருக்கிறேன்.

சாயந்தரம் வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். அப்பா உப்பளத்தில் உப்பு வாரியவர். பாத்தியில் உப்பு பூத்து வாருகிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் மொத்தமும் கரைந்துவிடும், அத்தனை நாள் உழைப்பும் போச்சு. “உப்புக்கு நல்ல தண்ணி ஆகாதுல்லா, உன் வேலைலயும் அதுதானா” என்றார். சலைன் எவ்வளவு கரிக்கும் என்று கேட்டார். லிட்டருக்கு 9 கிராம் என்றேன். கடல் தண்ணீரில் கிட்டத்தட்ட 35 கிராம். “அப்ப கடல்ல காவாசி” என்று கணக்குப் போட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

ஏன் வெடிக்கிறது? செல்லுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கியடித்து நிற்கிறது, அது பெரிய மூலக்கூறு, சவ்வைத் தாண்டி வெளியே போக முடியாது. தண்ணீருக்கு மட்டும் வழி இருக்கிறது. வெளியே உப்பு இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே உள்ளே என்று வந்துகொண்டே இருக்கும். சிவப்பணு தட்டையாக, நடுவில் குழிந்து, மசால் வடையை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கின மாதிரி இருப்பதற்கு ஒரு லாபம் உண்டு. உள்ளே இருப்பதைவிட உறை கொஞ்சம் தாராளமாக இருக்கும். அதனால் முதலில் உப்பி உருண்டையாகும் வரை ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் சவ்வு இழுபடாது, கிழியும். இதை வைத்தே ஒரு பரிசோதனை செய்கிறோம். 0.9 சதவீதத்திலிருந்து படிப்படியாக உப்பைக் குறைத்து வரிசையாக டியூப்கள். நல்ல செல்கள் 0.5 வரை அசையாது, 0.3 வருவதற்குள் எல்லாம் உடைந்திருக்கும். பிறவியிலேயே சவ்வுக்கு அடியில் இருக்கும் ஸ்பெக்ட்ரின் என்கிற புரத வலை பலவீனமாக இருக்கிற பிள்ளைகளுக்கு செல் உருண்டையாகவே இருக்கும், தாராளம் கிடையாது, அதனால் முன்னாலேயே உடையும். தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கிற ஆட்களுக்கு இதற்கு நேர்மாறு, உள்ளே சரக்கு குறைவு, உறை தொளதொளவென்று இருக்கும், அதனால் அதிகம் தாங்கும்.

அந்த உறை எவ்வளவு மெல்லிசு என்பதற்கு நானோமீட்டர் கணக்கு சொன்னால் யாருக்கும் ஏறாது. எனக்கும் ஏறவில்லை. அதனால் ஒருநாள் நைட் டியூட்டியில் வேறு மாதிரி கணக்குப் போட்டேன்.

எங்களிடம் வருகிற பை ஒன்றில் 350 மில்லி ரத்தம். ஒரு கன மில்லிமீட்டருக்கு ஐம்பது லட்சம் சிவப்பணு என்று வைத்தால் ஒரு பைக்கு ஒன்றே முக்கால் லட்சம் கோடி. (அந்த எண்ணை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.) ஒரு சிவப்பணுவின் மேற்பரப்பு சுமார் 140 சதுர மைக்ரான். பெருக்கினால் 245 சதுர மீட்டர். அதாவது ஒரு பையில் இருக்கிற அத்தனை செல்லின் தோலையும் உரித்துத் தரையில் விரித்தால் ஆறு சென்ட். எங்கள் ஊரில் வீடு கட்டி, முன்னால் வேப்பமரமும் வைக்கலாம். அந்த ஆறு சென்ட்டையும் மூடுவதற்குத் தேவைப்படுகிற கொழுப்பு எவ்வளவு தெரியுமா? தடிமன் 5 நானோமீட்டர் என்று வைத்தால் 1.2 மில்லி. காதில் விடுகிற சொட்டு மருந்து பாட்டிலில் கால்வாசி கூட வராது.

இந்தக் கணக்கை முடித்த பிறகு எனக்குப் பழைய ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் பக்கத்தில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டார். காற்றில் சிலிர்த்துக்கொண்டிருந்த தண்ணீர் அடங்கி, அரை ஏக்கர் அளவுக்குக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. 1774-இல் அது அச்சில் வந்தது. அரை ஏக்கர் என்றால் 50 சென்ட். ஸ்பூன் என்றால் 5 மில்லி. வகுத்துப் பாருங்கள், இரண்டரை நானோமீட்டர் வரும். என் பையில் வருகிற 5 நானோமீட்டரில் சரியாகப் பாதி. குளத்தில் எண்ணெய் ஒற்றை மூலக்கூறு தடிமனில் பரவியிருக்கிறது. செல்லில் அது இரண்டு அடுக்கு. அன்று ராத்திரி இரண்டே முக்கால் மணிக்கு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்ததை வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு அடுக்கு என்று உலகத்துக்கு முதலில் சொன்னவர்கள் பயன்படுத்தியதும் சிவப்பணுவைத்தான். ஹாலந்தில் லைடன் நகரத்தில் கோர்ட்டர் என்கிற குழந்தை மருத்துவரும் கிரெண்டல் என்கிற அவருடைய உதவியாளரும். 1925. சிவப்பணுவை ஏன் எடுத்தார்கள் என்றால் நம் உடம்பில் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, உள்ளே வேறு அறைகளும் கிடையாது, இருக்கிற கொழுப்பெல்லாம் வெளிச்சவ்வு மட்டும்தான். மனிதன், நாய், ஆடு, முயல் என்று பல ரத்தத்தை எடுத்து, அசிட்டோனில் கொழுப்பைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்லின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆகவே இரண்டு அடுக்கு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் இரண்டு இடத்தில் தப்பு செய்தார்கள் என்பது. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை, கொஞ்சம் விட்டுவிட்டது. செல்லின் மேற்பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிட்டது. நான் செய்த தப்பெல்லாம் ஒரே பக்கமாகத்தான் போகும்.

அவர்கள் பரப்பிய அந்தத் தொட்டிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண், கல்லூரிக்குப் போக வழியில்லாமல் நோயாளிப் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெய்ப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, ஒரு தகரத் தொட்டியும் குறுக்கே நகர்த்த ஒரு பட்டையும் வைத்து அளக்க ஆரம்பித்தார். இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. அதே முறையை மெருகேற்றி லாங்மியூர் என்ற அமெரிக்க வேதியியலாளர் நோபல் பரிசு வாங்கினார். பாத்திரம் கழுவுகிறவர்களில் எத்தனை பேருக்கு இப்படித் தோன்றியிருக்கும், யாருக்குக் கடிதம் எழுதுவது என்று தெரியாமல் போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

சரி, 5 நானோமீட்டர் எண்ணெய் எப்படிக் கிழியாமல் நிற்கிறது? யாரும் ஒட்டவில்லை, தைக்கவில்லை. என் மகளின் படத்தில் இருக்கிற அந்த உருண்டைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. ரசத்தில் மிதக்கிற இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் பக்கத்தில் வந்தால் ஒன்றாகிவிடும், பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கு எண்ணெய் மேல் பாசம் என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர்தான் தன் ஆட்களோடு கைகோத்துக்கொண்டு எண்ணெயை ஒரு மூலைக்குத் தள்ளுகிறது. வால்கள் இரண்டு வரிசையாக உள்பக்கம் ஒளிந்துகொள்ள, தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. ஓட்டை விழுந்தால் வால் நனையும், அதனால் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். கருத்தரிப்பு மையங்களில் முட்டைக்குள் ஊசி குத்தி ஒற்றை விந்தணுவை விட்டுவிட்டு ஊசியை உருவுகிறார்களே, அதற்குத் தையல் போடுவதில்லை.

அது இறுகிப்போன படலமும் இல்லை. ஒரு அடுக்குக்குள் ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறும் நொடிக்கு ஒரு கோடி முறை பக்கத்து ஆளை மாற்றிக்கொள்கிறது. 1970-இல் ஃபிரை, எடிடின் என்ற இருவர் ஒரு எலி செல்லையும் ஒரு மனித செல்லையும் ஒட்டி ஒரே செல்லாக்கினார்கள். எலிப் புரதத்துக்கு ஒரு நிறம், மனிதப் புரதத்துக்கு ஒரு நிறம். முதலில் பாதிக்குப் பாதி பிரிந்து நின்ற நிறங்கள் உடம்புச் சூட்டில் 40 நிமிடத்தில் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. தேங்காய் எண்ணெய் மார்கழியில் பாட்டிலுக்குள் உறைந்துபோய் நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதும் இதே கதைதான். நேரான வால்கள் நெருக்கி அடுக்கிக்கொள்ளும், வளைந்த வால்கள் இடம் விடும். செல் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. இடையில் கொலஸ்ட்ரால் புகுந்துகொண்டு சூட்டில் ரொம்பவும் இளகாமலும் குளிரில் ரொம்பவும் இறுகாமலும் பார்த்துக்கொள்கிறது. சிவப்பணுவின் சவ்வில் இருக்கிற கொழுப்பு மூலக்கூறுகளை எண்ணினால் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. கொலஸ்ட்ரால் என்றாலே முகம் சுளிக்கிற என் வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னேன். “அப்ப இன்னொரு முட்டை வை” என்றார். அது வேறு கணக்கு என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

இனி எங்கள் பாடு. ஏ குரூப், பி குரூப் என்று சொல்வது சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான். இரண்டுக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான் வித்தியாசம். அந்தக் கடைசிக் கண்ணி இல்லாமல் முன்னால் இருக்கிற எச் என்ற பகுதியோடு நின்றுவிட்டால் ஓ. அந்த ஒரு சர்க்கரைக்காக ஆள் உயிர் போகலாம். லாண்ட்ஸ்டைனர் என்ற வியன்னா டாக்டர் 1901-இல் இதைப் பிரித்துக் காட்டும்வரை யார் ரத்தம் யாருக்குச் சேரும் என்பது குருட்டாம்போக்குதான்.

ஏ குரூப்பிலேயே ஏ1, ஏ2 என்று உள்பிரிவு உண்டு. அதைப் பிரிக்க நாங்கள் பயன்படுத்துகிற ரீஏஜென்ட், அதாவது சோதனைத் திரவம், எதிலிருந்து வருகிறது என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் கேட்பேன். யாரும் சொன்னதில்லை. கொள்ளு. நம் வீட்டில் ரசம் வைக்கிற, மாட்டுக்கு வைக்கிற அதே கொள்ளு. அதன் விதையில் இருக்கிற லெக்டின் என்ற புரதம் ஏ1 செல்லின் சர்க்கரையைச் சரியாகப் பிடித்து, செல்களைக் கொத்தாக ஒட்டவைக்கிறது. ஏ2-வைத் தொடுவதில்லை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொன்னவர்களுக்கு இது தெரியாது.

எச்-சைப் பார்ப்பதற்கும் ஒரு செடிதான். ஊட்டிப் பக்கம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற கார்ஸ் என்ற முட்செடியின் விதை. அதை நான் வாழ்க்கையில் மறக்க மாட்டேன். எட்டு ஒன்பது வருடம் முன்னால் ஒரு பிரசவ கேஸ், ரத்தப்போக்கு. சாம்பிள் வந்தது. ஏ, பி இரண்டையும் பிடிக்கிற ஆன்டி ஏ, ஆன்டி பி திரவம் இரண்டிலும் செல்கள் ஒட்டவில்லை, ஆக ஓ. ஸ்டாக்கில் இருந்த ஓ பை ஒன்றை எடுத்து கிராஸ் மேட்ச் போட்டேன். செல்கள் ஒட்டிக்கொண்டன, சேராது என்று அர்த்தம். அடுத்த பை. அதுவும். ஐந்து பை போட்டுப் பார்த்தேன், ஐந்தும் சண்டை. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த கார்ஸ் லெக்டினை விட்டோம். ஓ செல் என்றால் இதில் கெட்டியாக ஒட்ட வேண்டும். ஒட்டவே இல்லை. அந்த அம்மாவின் சவ்வில் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, எச்-சும் இல்லை. அவர் உடம்புக்கு ஓ ரத்தம்கூட அந்நியம்.

பாம்பே குரூப். 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் கூட இருந்தவர்களும் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். அவர்களுக்கு அதே பாம்பே ரத்தம்தான் ஏற்ற முடியும். அன்று எத்தனை பேருக்கு போன் போட்டோம் என்று நினைவில்லை. மறுநாள் காலை வேறு ஊரிலிருந்து ஒரு பை குளிர்பெட்டியில் வந்து இறங்கியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இப்போதும் யாராவது ஓ குரூப்தானே, சுலபம் என்று சொன்னால் எனக்கு அந்த ஐந்து டியூப்கள்தான் கண்ணில் வரும்.

சவ்வில் இருக்கிற ஒவ்வொன்றும் குரூப் பார்க்க எங்களுக்காக வைத்ததில்லை, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலை இருக்கிறது. கிட் என்று ஒரு குரூப், அது யூரியா போகிற வாசல். டியகோ குரூப் இருக்கிற புரதம் பைகார்பனேட்டையும் குளோரைடையும் மாற்றிப் போடுகிறது. நாம் வெளியே விடுகிற கரியமில வாயுவில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் நுரையீரலுக்குப் போய்ச் சேர்கிறது. டஃபி என்ற குரூப்பை வைவாக்ஸ் மலேரியா கிருமி கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுழையும். பீட்டர் ஆக்ரி என்ற அமெரிக்க டாக்டர், பாசிட்டிவ் நெகட்டிவ் என்று சொல்கிறோமே, அந்த ஆர்எச் புரதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கூடவே ஒரு சின்னப் புரதம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அழுக்கு என்று தூக்கிப்போடாமல் அதைத் துரத்தினார். 1992-இல் அந்தப் புரதத்தைத் தவளை முட்டையில் உண்டாக்கிப் பார்த்தார். உப்பு குறைந்த தண்ணீரில் போட்டதும் முட்டை வீங்கி வெடித்தது, என் டியூப் மாதிரியே. தண்ணீர் போகிற வாசல் அது. அக்வாபோரின். 2003-இல் அதற்கு நோபல். கோல்ட்டன் என்று ஒரு ரத்த குரூப் உண்டு, அது அந்த அக்வாபோரின் மேல்தான் இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடம். என் மகளின் புத்தகத்தில் ‘பணிகள்’ என்ற தலைப்புக்குக் கீழே இது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருகிறது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் போட வேண்டும்.

செல்லுக்குள் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். வெளியே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் தலைகீழ். உள்ளே பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் என்றால் வெளியே 4. இந்த வித்தியாசம் சும்மா நிற்பதில்லை. சவ்வு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கிறது. சோடியம் உள்ளே நழுவும், பொட்டாசியம் வெளியே நழுவும். இதை ஒரு பம்ப் ஓயாமல் திருப்பி இறைக்கிறது. ஒரு தடவைக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே, அதற்கு செல்லின் எரிபொருளான ஏடிபி ஒன்று செலவு. டென்மார்க்கில் ஸ்கூ என்பவர் நண்டுக்கால் நரம்பில் இதைக் கண்டுபிடித்து 1957-இல் எழுதினார், நோபல் 40 வருடம் கழித்து வந்தது. பம்ப் நின்றால் சோடியம் உள்ளே சேரும், அதோடு தண்ணீர் சேரும், செல் உப்பும், கடைசியில் வெடிக்கும். சவ்வின் உள்பக்கம் மட்டுமே இருக்க வேண்டிய சில கொழுப்புகள் உண்டு. அவை வெளிப்பக்கம் வந்தால் கிழட்டு செல் என்று விழுங்கும் செல்கள் பிடித்துத் தின்றுவிடும். அதை உள்ளே திருப்பிப் போடவும் ஏடிபி செலவாகிறது. ஆகவே சவ்வு என்பது கட்டிவிட்டு வந்துவிடுகிற மதில் கிடையாது. ஓட்டைப் படகில் ஒருவன் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்கிறானே, அது. இறைக்கிறவன் கையை நிறுத்தினால் படகு இல்லை.

ஃப்ரிட்ஜில் இருக்கிற பையை இப்படிப் பார்த்தால் எல்லாம் விளங்கும். பைக்குள் ஏற்கெனவே இருக்கிற திரவத்தின் பெயர் சி.பி.டி.ஏ. சி, சிட்ரேட், ரத்தம் உறையாமல் இருக்க. பி, பாஸ்பேட். டி, டெக்ஸ்ட்ரோஸ். ஏ, அடினின். அந்த டெக்ஸ்ட்ரோஸும் அடினினும் எதற்கு? இறைக்கிறவனுக்குச் சாப்பாடு. சிவப்பணுவுக்கு மற்ற செல்களில் ஏடிபி செய்கிற மைட்டோகாண்ட்ரியா கிடையாது, சர்க்கரையை உடைத்துத்தான் ஏடிபி செய்தாக வேண்டும். 2 முதல் 6 டிகிரியில் வைப்பதால் சாப்பாடு சீக்கிரம் தீராது, கிருமி வளராது. ஆனால் அந்தக் குளிரில் பம்ப்பும் ஏறக்குறையப் படுத்துவிடும், கசிவோ நிற்காது. நாளாக ஆகப் பொட்டாசியம் வெளியே ஏறிக்கொண்டே போகும். 35 நாள்தான் கெடு. வளர்ந்த ஆளுக்குப் பையில் ஏறிய பொட்டாசியம் பெரும்பாலும் பிரச்சினையில்லை, சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும், ஏற்றிய செல்லும் உடம்புச் சூட்டில் பம்ப்பை ஓட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளும். பச்சைக்குழந்தைக்கு மொத்தமாக ரத்தம் மாற்றும்போது அது இதயத்தை நிறுத்திவிடலாம். அதனால்தான் குழந்தைக்கு என்று சீட்டு வந்தால் ஒரு வாரத்துக்கு உட்பட்ட பையைத் தேடுகிறோம். “இருக்கிற பையைக் கொடுக்காமல் ஏன் இழுத்தடிக்கிறீர்கள்” என்று கவுன்டரில் சத்தம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல நேரம் இருக்காது.

எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு, அதையும் கொட்டிவிடுகிறேன். பை எங்கள் கையைவிட்டுப் போன பிறகு என்ன நடக்கிறது என்பது. ரத்தம் என்றால் குளிரில் வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குளிரில் என்று தெரியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கிற ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். உறைந்தால் பனிக்கட்டி ஊசிகள் சவ்வைக் கிழிக்கும். கிளிசரின் சேர்த்து, முறையாக மைனஸ் 80-இல் உறைய வைத்து வருடக்கணக்கில் பாதுகாக்கிற ஏற்பாடெல்லாம் இருக்கிறது, அது வேறு. முட்டையும் ஐஸ் டிரேயும் இருக்கிற ஃப்ரீசரில் அது நடக்காது. இன்னும் சிலர் சீக்கிரம் ஏற்ற வேண்டும் என்று சுடுதண்ணீர் வாளியில் பையைப் போடுகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு பையோடும் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கிறோம், அதைப் படிக்காமலே பையோடு சேர்த்து ஃப்ரீசரில் வைக்கிறார்கள்.

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார், எழுபது இருக்கும். முந்தின நாள் சாயந்தரம் ஒரு நர்சிங் ஹோமுக்காக நான்தான் கொடுத்தனுப்பிய பை. மறுநாள்தான் ஆபரேஷன் என்று அங்கே யாரோ ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். கல்லாக இருப்பதைக் கண்டு பயந்து, திரும்ப எங்களிடமே அனுப்பிவிட்டார்கள். துண்டில் சுற்றி வைத்திருந்தார். வருகிற வழியில் பாதி உருகியிருந்தது.

“கொஞ்சம் முழுசா உருக்கித் தாங்கம்மா, போதும்” என்றார்.

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாகப் பிரிந்து நிற்க வேண்டிய பை, உருகிய இடமெல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. தெளிவாக இருந்தது. பின்னால் பேப்பர் எதுவும் வைத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

“இதை ஏத்த முடியாதுய்யா.”

“என் பையன் இதுக்குப் பதிலா நேத்தே இங்க வந்து ரத்தம் கொடுத்துட்டுப் போயிருக்கானே.”

“தெரியும்யா. வேற பை தாரேன்.”

கழிவு ரிஜிஸ்டரில் எண்ணை எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ஹீமோலைசிஸ், அதாவது சிவப்பணு உடைந்தது, என்று போட்டேன். புதுப் பைக்கு கிராஸ் மேட்ச் முடிய ஒரு மணி நேரம் ஆனது, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கொடுக்கும்போது, எந்த ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது, குளிர்பெட்டியிலேயே நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், நான் டாக்டருக்கும் போன் பண்ணிவிட்டேன் என்று இரண்டு தடவை சொன்னேன். வாசலில் ஆட்டோவில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் துண்டைப் போர்த்தினார். பிறகு தலையை வெளியே நீட்டி, “வெயில் படலாமாம்மா?” என்று கேட்டார்.